சபராளிகளின் பேரேடு



உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கிறதா? கொழும்பிலிருந்தோ இரங்கூனிலிருந்தோ பினாங்கிலிருந்தோ பாட்டனார் கொண்டு வந்த பெட்டி? இருக்குமாயின், அதிலுள்ள தாள்களை ஆற்றில் விடுவதற்கு முன்னர் இக்கட்டுரையை ஒரு முறை வாசித்துவிடுமாறு வேண்டுகிறேன்.

மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன் நான். வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றதும் உண்டு. அந்தப் பட்டத்தால் இதுகாறும் ஊருக்கு விளைந்த பயன், திருமண அழைப்பிதழ்களை நான் பிழை திருத்திக் கொடுப்பது மட்டுமே. அத்தகைய என்னை, சென்ற ஆண்டு நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் மேலாண்மைத் துறை நடத்திய இரண்டு நாள் பயிலரங்கிற்கு, முன்னாளில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அழைத்துச் சென்றார். முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்யும் மாணவர்கள் தத்தம் ஆய்வுத் திட்டத்தை மூத்த பேராசிரியர்கள் முன் வைத்து, குறை நிறை கேட்டுச் செல்லும் கூட்டம் அது. பொருள்: பன்னாட்டுத் தொழில்முனைவு.

எங்கள் பூதப்பாண்டி வாணிகத்தால் பெயர் பெற்ற ஊர் அன்று. பழையாற்று நீரும் வயலும் தோப்பும் கொண்ட ஊர். பூதலிங்கசுவாமி கோயிலாலும், 1907இல் இங்குப் பிறந்த ஜீவானந்தம் அவர்களாலும் வெளியுலகம் அறிந்த ஊர். இங்கே தொழில்முனைவு என்னும் சொல்லைக் கேட்டால் வங்கிக் கடனும் வட்டியும்தான் நினைவுக்கு வரும். ஆயினும் பக்கத்துத் திட்டுவிளையிலும், கோட்டாற்று இளங்கடையிலும், தேங்காய்ப்பட்டணத்திலும் கடல் கடந்து சென்று கடை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் வாழ்கின்றனர். மாணவர் எடுத்துக்கொண்ட ஆய்வு அவர்களைப் பற்றியது. "உஸ்தாது, நான் காட்டப்போகிற சான்றுகளைப் படிக்க உங்களால்தான் முடியும், நீங்கள் உடன் இருந்தால் எனக்குத் தைரியம்" என்றார். என்ன சான்று என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் அந்தத் துறையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஒரு நிறுவனம் அயல்நாட்டுக்கு எவ்வாறு செல்கிறது? சுவீடன் நாட்டு உப்சலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோகான்சன், வால்னே என்னும் இருவர் 1977இல் ஒரு விளக்கம் தந்தனர். நிறுவனம் முதலில் சொந்த நாட்டில் வேரூன்றும். பின்னர் மொழியாலும் பழக்கத்தாலும் நெருங்கிய நாட்டில் கால் வைக்கும். அங்குக் கற்ற பாடத்தைக் கொண்டு தொலைநாடுகளுக்குச் செல்லும். குழந்தை தவழ்ந்து, நின்று, நடப்பது போன்ற கணக்கு. 1994இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஓவியாட், மெக்டூகல் ஆகிய இருவர், இப்படித் தவழாமலேயே பிறந்த நாள் முதலாகப் பல நாடுகளில் வாங்கி விற்கும் புதிய நிறுவனங்கள் உண்டு என்று எழுதினர். அக்கட்டுரையிலிருந்து இந்தத் துறை பெருகி வளர்ந்தது. 2003 முதல் இதற்கெனத் தனி ஆய்விதழே வெளிவருகிறது.

அந்தக் கட்டுரையாசிரியர்கள் இத்தகைய நிறுவனங்கள் பழங்காலத்திலும் இருந்தன என்பதற்குக் காட்டிய எடுத்துக்காட்டு எது தெரியுமா? 1600இல் இலண்டனில் பட்டயம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி! பேராசிரியர் ஒருவர் இதைச் சொன்னபோது, அரங்கின் கடைசி வரிசையில் இருந்த எனக்கு உள்ளுக்குள் சற்றுச் சூடேறியது. கம்பெனி பிறப்பதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்னரே காயல் துறைமுகத்தில் ஹுர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறாரே, அது எங்கே போயிற்று?

பின்னர் யோசித்துப் பார்த்தேன். கோபத்திற்குப் பொருள் இல்லை. கம்பெனியார் எழுதிய கடிதமும் கணக்கும் தீர்மானமும் இன்றும் இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் அடுக்கடுக்காக உள்ளன. எவரும் சென்று பார்க்கலாம். காயல் வணிகர் எழுதியது எங்கே? காயலைப் பற்றி நாம் அறிவதெல்லாம் வெனிஸ் நகரத்தார் எழுதியதும் பாரசீகத்தார் எழுதியதும்தான். கீழக்கரை வள்ளல் சீதக்காதியைப் புலவர்கள் பாடினார்கள். அவர் எந்தச் சரக்கை யாரிடம் எப்படி விற்றார் என்பதை அறிய விரும்புகிறவர்களோ டச்சுக்காரரின் ஆவணங்களையும் ஆங்கிலேயரின் ஆவணங்களையும் புரட்ட வேண்டியுள்ளது. நம் கொடை நம் மொழியில் இருக்கிறது. நம் கணக்கு மாற்றார் கையில் இருக்கிறது.

பயிலரங்கிற்கு வருவோம். எட்டு மாணவர்கள் ஆய்வுத் திட்டம் வைத்தனர். அறுவர் மென்பொருள் நிறுவனங்களைப் பற்றியே பேசினர். ஒரு மாணவி தோவாளை மலர்ச் சந்தையிலிருந்து வளைகுடாவுக்குப் பூ அனுப்புவோரைப் பற்றிப் பேசினார். அந்தப் பெண் எடுத்துச் சொன்ன முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அது வேறு கதை. நம் மாணவர் எட்டாவதாக எழுந்தார். நாஞ்சில் நாட்டிலிருந்து கொழும்பு சென்று புறக்கோட்டையில் கடை வைத்த குடும்பங்கள், 1900 முதல் 1950 வரை என்பது அவரது தலைப்பு. கொழும்புப் புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் பள்ளிவாசலைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பள்ளியை எழுப்பியவர்கள் அங்கிருந்த இந்திய முஸ்லிம் வணிகர்கள். சம்மாங்கோட்டுப் பள்ளி என்று தமிழில் வழங்கும். அந்தப் படத்தைத் திரையில் காட்டி நன்றாகத்தான் தொடங்கினார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த மூத்த அம்மையார் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டார். "தம்பி, வேறு நாட்டுக்குக் குடிபோய்க் கடை வைத்தவரெல்லாம் பன்னாட்டுத் தொழில்முனைவோர் ஆவாரா? அங்கேயே தங்கி, அங்கேயே வாங்கி, அங்கேயே விற்றால் அவர் குடியேறிய வணிகர்தானே?" என்பது முதற்கேள்வி. அமெரிக்காவில் குடியேறிய இலத்தீன் அமெரிக்கர்களை ஆராய்ந்து, இரு நாடுகளிலும் காலூன்றித் தொழில் செய்வோரைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டிய போர்ட்டஸ் முதலானோரின் 2002ஆம் ஆண்டுக் கட்டுரையையும் அவர் நினைவூட்டினார். மாணவர் தடுமாறாமல் விடை சொன்னார். கடை கொழும்பில், சரக்கின் ஒரு பகுதி தூத்துக்குடித் தோணியில், முதல் போட்டவர் ஊரில், இலாபம் வயலாகவும் தோப்பாகவும் மாறுவது நாஞ்சில் நாட்டில். ஒரு காலை எடுத்தாலும் நிற்காது என்றார். அம்மையார் தலையசைத்தார்.

இரண்டாவது கேள்விதான் என்னை இன்றுவரை விடவில்லை. "நீங்கள் பேட்டி கண்ட பதினைந்து குடும்பங்களும் நன்றாக இருக்கின்றன. வீடு கட்டினார்கள், பள்ளிவாசலுக்குக் கொடுத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். கடையை மூடிவிட்டுக் கடனோடு திரும்பியவர் எங்கே?"

வாசகர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம்? கீழக்கரையில் 1927இல் பிறந்து, துபாயில் ஈ.டி.ஏ. நிறுவனத்தை வளர்த்து, 1984இல் வண்டலூரில் பொறியியல் கல்லூரி கண்ட பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களைப் பற்றிப் பேசுகிறோம். பேசவேண்டியதுதான், 2015இல் மறையும் வரை சமுதாயத்திற்கு அவர் செய்தது பெரிது. ஆனால் வென்றவரை மட்டும் எண்ணி, வென்றவரிடம் இருந்த குணங்களைப் பட்டியலிட்டு, இவைதாம் வெற்றிக்குக் காரணம் என்று முடிவு கட்டினால் அது ஆய்வு ஆகாது என்றார் அம்மையார். அதே துணிவும் அதே நாணயமும் கொண்டு தோற்றவரும் இருப்பார். 1948லும் 1949லும் இலங்கையில் குடியுரிமைச் சட்டங்கள் வந்தன. 1964இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையாகிக்கொண்டிருந்த வேளையில், 50 கியாட், 100 கியாட் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். நேற்றுவரை முதலாளியாக இருந்தவர் உடுத்த துணியோடு கப்பலேறினார். அவருடைய திறமை ஓர் இரவில் குறைந்தா போயிற்று?

தோற்றவர் பேட்டி கொடுப்பதில்லை. அவர் பிள்ளைகளும் கொடுப்பதில்லை. "எங்கள் வாப்பா கொழும்பில் இருந்தார்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். நம் குடும்பங்களின் இந்த மௌனத்தை நான் நன்கறிவேன். மகன் துபாயிலிருந்து வேலை இழந்து திரும்பி வந்தாலும் 'லீவில் வந்திருக்கிறான்' என்று மாதக்கணக்கில் சொல்லும் ஊர்கள்தாமே நம்முடையவை!

மூன்றாவது கேள்வி சுருக்கமானது. "வாய்மொழி தவிர எழுத்துச் சான்று உண்டா?" மாணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேசை மீது ஒரு துணிப்பையை வைத்து, அதிலிருந்து நாற்பது நாற்பத்தைந்து கடிதங்களையும் இரண்டு பேரேடுகளையும் எடுத்தார். அவருடைய வாப்பும்மாவின் பெட்டியில் கிடந்தவை. கடிதங்கள் அனைத்தும் அரபுத் தமிழ்.

இளைய வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மொழி தமிழ்; எழுத்து அரபு. ப, ங, ட, ண, ழ என்று அரபியில் இல்லாத ஒலிகளுக்கு அரபு எழுத்தின் மேலும் கீழும் புள்ளியோ வட்டமோ இட்டுக்கொள்வர். அர்வி என்றும் சொல்வர். கீழக்கரை தைக்கா ஷுஐப் ஆலிம் அவர்கள் 1993இல் வெளியிட்ட பெருநூல், இவ்வெழுத்தில் எத்துணை மார்க்க நூல்கள் இயற்றப்பட்டன என்பதைக் காட்டும். ஆனால் மார்க்க நூல்களோடு அது நிற்கவில்லை. வெங்காய விலையும் இதே எழுத்தில்தான் எழுதப்பட்டது. என் வாப்பும்மா எனக்கு இதைக் கற்றுத் தந்தார். தமிழ் நாளிதழை அவரால் வாசிக்க முடியாது, அரபுத் தமிழை ஓட்டமாக வாசிப்பார். அந்நாளில் நம் பெண்மக்களில் பலர் அப்படித்தான். அங்கேதான் கடிதங்களின் கமுக்கம் இருக்கிறது. கணவர் கொழும்பிலிருந்து அரபுத் தமிழில் எழுதியது, வீட்டிலுள்ள மனைவி வாசிப்பதற்காக.

பயிலரங்கில் ஒரு கடிதத்தை வாசித்துக் காட்டுமாறு பணித்தார்கள். 1938ஆம் ஆண்டுக் கடிதம். நலம் விசாரிப்பு இரண்டு வரி. பின்னர் மாசிக் கருவாட்டின் விலை. யாரோ ஒருவருக்கு இனிக் கடன் கொடுக்கவேண்டாம் என்னும் எச்சரிக்கை. வயலில் குத்தகை நெல் அளந்தாயிற்றா என்னும் கேள்வி. அடுத்த சரக்குக்கு முந்நூறு ரூபாய் தேவை. தோப்பை ஒற்றி வைக்கலாமா, அல்லது உன் மச்சானிடம் பங்குக்குக் கேட்கலாமா, உன் யோசனையை எழுது என்று மனைவியைக் கேட்கிறார். அரங்கில் இருந்த மாணவிகள் நிமிர்ந்து உட்கார்ந்தனர். கடைப் பலகையில் கணவர் பெயர் மட்டும் இருந்திருக்கும். முதலைத் திரட்டியதும், கடனைத் தண்டியதும், வேண்டாம் என்று தடுத்ததும் அடுக்களையில் இருந்த பெண்மணி.

'பங்குக்குக் கேட்கலாமா' என்பதையும் கவனியுங்கள். வட்டிக்கு அன்று. ஒருவர் முதல் கொடுப்பார்; மற்றவர் உழைப்பைக் கொடுப்பார்; இலாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வர்; உழைத்தவர் மீது குற்றமில்லாமல் நட்டம் வந்தால் அது முதல் போட்டவரைச் சாரும். பிக்ஹு நூல்களில் முளாரபா என்று நாம் ஓதிக்கொடுப்பது இதைத்தான். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டுக்குக் கொண்டு சென்ற வரலாற்றைப் பிள்ளைகளும் அறிவர். முதலும் உழைப்பும் எல்லை கடந்து கைகோக்கும் இந்த முறை, புத்தகத்தில் படித்துப் போன காரணத்தாலன்று, பழக்கத்தாலேயே புறக்கோட்டைக் கடைவரை சென்றிருக்கிறது. வேலைக்கு வந்த கடைப்பையனைச் சில ஆண்டுகளில் பங்காளியாக்கிய கணக்கும் அந்தப் பேரேட்டில் உண்டு. இன்றைய வளைகுடாப் பயணம் பெரிதும் சம்பளப் பயணமாகிவிட்டது. அங்குத் தொழில் தொடங்க முனைந்தோரும் நெடுங்காலம் உள்ளூர்க்காரருக்குப் பெரும்பங்கு காட்டவேண்டியிருந்தது. அமீரகத்தில் பெரும்பாலான தொழில்களுக்கு 2021 ஜூன் முதல்தான் அந்த நிபந்தனை நீங்கிற்று.

இனி, ஆற்றில் விடும் செய்திக்கு வருகிறேன். அந்த வாப்பும்மாவின் பெட்டியில் முதலில் இருந்தவை இதைப்போல் நான்கு மடங்காம். மேலே பிஸ்மில்லாஹ் எழுதிய தாள் மிதிபடக்கூடாது என்று மூன்று பங்கைப் பழையாற்றில் விட்டுவிட்டார்கள். நல்ல எண்ணந்தான். கிழிந்துபோன முஸ்ஹபின் தாள்களைக் கண்ணியமாகப் புதைக்கவோ ஓடும் நீரில் கனம் கட்டி இடவோ மார்க்க அறிஞர்கள் வழி சொல்லியிருக்கின்றனர். அந்த விதியைக் கடிதத்திற்கும் கணக்குக்கும் நம் மக்கள் நீட்டிக்கொண்டனர்.

இதே பேணுதல் வேறொரு சமுதாயத்தில் எப்படிப் பயன்பட்டது என்று பாருங்கள். பழைய கெய்ரோவில், ஃபுஸ்தாத் என்னும் பகுதியில், யூதர்களின் பென் எஸ்ரா ஆலயம் உள்ளது. இறைவன் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்று அவர்களும் எண்ணினர். ஆதலால் பழந்தாள்களை ஆலயத்தின் ஓர் அறையில் போட்டு வைத்தனர். புதைக்கவேண்டியவற்றைப் புதைக்காமலே நூற்றாண்டுகள் கழிந்தன. 1896-97இல் சாலமன் ஷெக்டர் என்பவர் அவற்றின் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். அங்கு மட்டும் ஏறத்தாழ 1,90,000 துண்டுகள். அவற்றுள் வணிகர் கடிதங்களும் கணக்குகளும் கிடைத்தன. எஸ்.டி. கோய்ட்டைன் என்னும் அறிஞர் அவற்றைக் கொண்டு 1967 முதல் 1988 வரை ஐந்து பெருந்தொகுதிகள் எழுதினார். துனீசியாவிலிருந்து வந்து 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வெண்கலப் பட்டறை நடத்திய பென் யிஜு என்னும் வணிகர் யாருக்கு என்ன அனுப்பினார் என்பதைக்கூட இன்று நாம் அறிகிறோம். அவர் எழுதியதும் அரபி மொழி. எழுத்து மட்டும் ஹீப்ரு. நம் அரபுத் தமிழுக்கு நேர் எதிர்க் கண்ணாடி!

என்னிடம் யாரேனும் பழந்தாள்களோடு வந்தால், கொடுங்கள், வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறேன். முஸ்ஹபின் தாள் தனி, கணக்கு தனி. அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே நீளமானது. கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதச் சொன்னது வாசிப்பதற்குத்தானே?

வாசிப்பதில்தான் சிக்கலும் வந்தது. பயிலரங்கில் ஆய்வு நெறியைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். குடும்பத்தாரின் எழுத்துமூலமான ஒப்புதல் வேண்டும், பெயர்களை மறைக்கவேண்டும், வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். மாணவர் படிவத்தோடு வீட்டுக்குச் சென்றார், நானும் சென்றேன். குடும்பத்தில் மூத்த ஆண்மகன் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "கடிதத்தைப் படியுங்கள் உஸ்தாது. பேரேட்டைப் படிக்கவேண்டாம். பழைய கணக்கு பழையதாகவே போகட்டும்" என்றார். காரணம் எனக்கு விளங்கிற்று. கடை 1951இல் மூடப்பட்டது. அவசர அவசரமாக மூடிய கடையில் எல்லோருடைய கணக்கும் தீர்ந்திருக்குமா? இறந்தவர் விட்டுச் சென்ற பொருளில் அடக்கச் செலவு போக, கடனைத் தீர்த்து, மரண சாசனத்தை நிறைவேற்றிய பிறகே வாரிசுகள் பங்கிடலாம் என்பது நம் சட்டம். அந்த வீடும் தோப்பும் எப்போதோ பங்கிடப்பட்டுவிட்டன. எண்பத்தைந்து வயதான அந்த வாப்பும்மா உள்ளறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "ஆலிம்சா, மாமனார் கடன் என்றால் எனக்குத் தெரியவேண்டும். படியுங்கள்" என்றார்.

படித்தேன். பேரேட்டின் கடைசிக்கு முந்திய பக்கத்தில், இளங்கடையைச் சேர்ந்த பங்காளி ஒருவரின் பெயரில் 412 ரூபாய் வரவு நிற்கிறது. பற்றுப் பக்கம் வெறுமையாக உள்ளது. கொடுத்தார்களா, கொடுக்கவில்லையா, வேறு ஏட்டில் எழுதினார்களா? அந்த வேறு ஏடு ஆற்றோடு போயிருக்கலாம். அன்றைய 412 இலங்கை ரூபாய்க்கு இன்று எவ்வளவு கொடுப்பது என்பதிலோ, நாணயத்தின் மதிப்பு வீழ்ந்தால் என்ன செய்வது என்னும் கேள்வியில் இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூத்த ஆலிம்கள் இருவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். படிக்கவேண்டாம் என்று சொன்னவர் இப்போது என்னோடு சரிவரப் பேசுவதில்லை. ஆனால் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டுவிட்டார்.

மாணவருக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. தோற்ற கடை ஒன்று அவருக்குச் சான்றோடு கிடைத்துவிட்டது. இவ்வாண்டுப் பயிலரங்கில் இதனையே வைக்கப்போகிறார்.

இளங்கடையில் ஜும்ஆவுக்குப் பிறகு விசாரித்ததில், அந்தப் பெயருடைய பாட்டனார் தமக்கு இருந்தார் என்று இரண்டு குடும்பத்தார் சொல்கின்றனர். இரண்டு வீட்டிலும் கொழும்பிலிருந்து வந்த பெட்டி இருக்கிறதாம். இன்ஷா அல்லாஹ், வருகிற வியாழக்கிழமை அஸருக்குப் பின் இரண்டு வீட்டுக்கும் செல்கிறோம். மாணவர் புதிய படிவங்களை அச்சிட்டு வைத்திருக்கிறார்.